காட்டுத்தரையிலிருந்து யன்னலோரத்துக்கு

வீட்டுச்செடி என்று தாவர உலகில் தனிச் சாதி எதுவும் கிடையாது. நான்கு சுவருக்குள் தாக்குப்பிடிக்கும் காட்டுச்செடிகளுக்கு மனிதர் வைத்த பொதுப்பெயர் அது. அவற்றில் பெரும்பாலானவை வெப்பவலயக் காடுகளின் அடித்தரையில், பெருமரங்களின் நிழலில் வளர்ந்தவை. மங்கிய வெளிச்சமும் வெதுவெதுப்பான ஈரக்காற்றும் அவற்றுக்குப் பிறவிப் பழக்கம். குளிர்நாட்டில் வீட்டுக்குள் செடி வளர்ப்பவர் அந்தக் காற்றை உண்டாக்கச் செலவழிக்கிறார். கண்டியில் யன்னலைத் திறந்தாலே அது வந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், ஆண்டு முழுவதும் 25 பாகை செல்சியஸை ஒட்டிய சராசரி வெப்பம், இரு பருவக்காற்றுகளின் மழை எல்லாம் சேர்ந்து இந்த நகரத்தின் சாதாரண விறாந்தையையே செடிகளுக்கு ஏற்ற இடமாக்கியிருக்கின்றன. இங்கே செடிகள் அழுகிச் சாவதுதான் அதிகம், வாடிச் சாவது குறைவு. கண்டியில் செடி வளர்ப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

கண்டிக்கு இன்னொரு வசதியும் உண்டு. மேசைமேல் சாடியில் நிற்கும் செடி காட்டில் வளர்ந்து ஆளானால் எப்படியிருக்கும் என்பதை இங்கே நடந்துபோயே பார்க்கலாம். தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் உடவத்தகெலே வனத்துக்குள் நுழைந்தால், மரங்களின் அடியிலிருந்து உச்சிவரை ஒரு கொடி அப்பிக்கொண்டு ஏறுவது தெரியும். அதன் இலைகள் முறத்தளவு பெரியவை, ஓரம் கிழிந்தவை, பச்சையில் மஞ்சள் தெளித்தவை. இது வேறெதுவும் இல்லை, ஜாம் போத்தலில் தண்ணீர் ஊற்றி அலுமாரிமேல் வைக்கிற அதே மணிபிளாண்ட். தொங்கவிட்டால் இலை உள்ளங்கை அளவோடு நின்றுவிடும். பற்றி ஏற மரமும் மேலே வெளிச்சமும் கிடைத்தால் தண்டு 20 மீற்றர் வரை போகும், இலை ஒரு மீற்றர் நீளத்தைத் தொடும். சாடியின் நடுவே தும்பு சுற்றிய ஒரு தடியை நட்டுக் கொடியை அதில் ஏற்றினால் இலை பெருப்பதும் இதனால்தான். தடியை ஈரமாக வைத்திருந்தால் கணுவிலுள்ள காற்றுவேர் அதைப் பற்றிக்கொள்ளும்.

பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பெரிய புல்வெளியில் குடைபோல் விரிந்து நிற்கும் ஜாவா அத்தி மரத்தைப் பார்க்காத கண்டிக்காரர் அரிது. பாடசாலைச் சுற்றுலா வரும் பிள்ளைகள் எல்லோரும் அதன்கீழ் நின்று படம் எடுத்திருப்பார்கள். அதன் தாவரவியற் பெயர் ஃபைக்கஸ் பெஞ்சமினா. உலகெங்கும் வங்கிகளிலும் ஹோட்டல் வரவேற்பறைகளிலும் ஆளுயரச் சாடியில் நிற்கும் மெல்லிலைச் செடியும் இதே இனம்தான். தடித்த மினுங்கும் இலையோடு வரவேற்பறை மூலையில் நிற்கும் ரப்பர் செடியான ஃபைக்கஸ் எலாஸ்டிக்காவும் பேராதனைக்குப் பழைய சொந்தம். 1881ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு வந்த ஜேர்மன் உயிரியலாளர் ஏர்ண்ஸ்ட் ஹெக்கல், நிலத்தின்மேல் பாம்புபோல் நெளியும் அதன் வேர்களைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். பால் வடியும் இந்த அத்தியும் தோட்டத்து ரப்பர் மரமும் வேறு வேறு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடையில் ‘ரப்பர் செடி’ என்று விற்பது அத்தியையே.

வெப்பவலயத்துச் செடி ஐரோப்பிய அறைக்குள் போன கதையில் பேராதனைக்கும் பங்குண்டு. இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்ட், ஒரு புழுவின் கூட்டை மண்ணோடு மூடிய கண்ணாடிப் போத்தலில் வைத்துக் கவனித்தபோது, உள்ளே ஒரு பன்னம் தானாக முளைத்துத் தண்ணீர் ஊற்றாமலே தழைப்பதைக் கண்டார். இது 1829இல் நடந்தது. இலை விடும் ஆவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியதுதான் இரகசியம். அந்த முறையில் செய்த கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் மாதக்கணக்கில் கடல் கடந்தன. 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்காவுக்கு 1876இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து ரப்பர் நாற்றுகள் வந்ததும் அத்தகைய பெட்டிகளில்தான். இன்று கண்ணாடிக் குடுவைக்குள் பாசியும் சிறு பன்னமும் வைத்து மூடி மேசையில் அழகு பார்ப்பது அதே பெட்டியின் சிறிய வடிவம். கண்டியில் இதைச் செய்பவர் குடுவையை நேர்வெயிலில் மட்டும் வைக்கக் கூடாது. மூடிய கண்ணாடிக்குள் வெப்பம் ஏறிச் சிறிது நேரத்திலேயே செடி வெந்துவிடும்.

இந்தப் பொழுதுபோக்கு வசதியானவர்களோடு நிற்கவில்லை. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில், கலகாவிலும் புசல்லாவையிலும் கம்பளைப் பக்கத்திலும், லயத்து வாசற்படி ஓரத்தில் பழைய பால்மா டின்னில் பிகோனியாவும் குரோட்டனும் வரிசையாக நிற்கும். அடியில் ஆணியால் நான்கு துளை, உள்ளே மாட்டெருவும் மண்ணும் என்று செய்முறை எளியது. வேரழுகலைத் தடுக்கும் அறிவு முழுவதும் அந்த நான்கு துளைகளில் இருக்கிறது. துளையில்லாத பீங்கான் சாடியை அதிக விலை கொடுத்து வாங்கி அதில் நேரடியாகச் செடி நடுவதைவிட இந்த டின் எவ்வளவோ மேல்.

செடி வளர்ப்பில் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். இங்குதான் வெளிநாட்டு நூல்கள் கண்டி வாசகரை அதிகம் குழப்புகின்றன. தெற்குப் பார்த்த யன்னலே வெளிச்சம் மிக்கது, வடக்கு யன்னல் இருண்டது என்று அவை எழுதும். அது வடக்கே தொலைவில் உள்ள நாடுகளின் கணக்கு. கண்டி இருப்பது வட அகலாங்கு 7 பாகையில். சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பு நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்குப் பக்கம் சாய்ந்து, செப்டெம்பர் முதல் வாரத்தில்தான் திரும்பவும் உச்சியைக் கடந்து தெற்கே போகிறது. ஆகவே ஆண்டில் ஐந்து மாதம் வடக்கு யன்னலுக்கும் ஏழு மாதம் தெற்கு யன்னலுக்கும் வெயில் முறை. இரண்டிலும் வெயில் செங்குத்தாக இறங்குவதால், சற்றே நீண்ட தாழ்வாரம் இருந்தாலும் அறைக்குள் அதிகம் வராது. கிழக்கும் மேற்கும்தான் இங்கே கணக்கு. கிழக்கு யன்னலின் காலை வெயில் பெரும்பாலான செடிகளுக்கு நல்லது. மேற்கின் பிற்பகல் வெயில் மெல்லிய இலையைச் சுட்டுப் பழுப்புப் புள்ளி வைக்கும், அங்கே ஒரு மெல்லிய திரை வேண்டும்.

கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் இடம் செடிக்கு இருட்டாக இருக்கலாம். திறந்த வெளியில் நண்பகல் வெளிச்சம் ஒரு இலட்சம் லக்ஸ் அளவில் இருக்கும்போது, யன்னலிலிருந்து இரண்டு மீற்றர் உள்ளே சில நூறுதான் இருக்கும். மனிதக் கண் தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதால் இந்த வேறுபாடு தெரிவதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குச் செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, அதற்கு மேலே ஒரு முழம் உயரத்தில் கையைப் பிடித்துப் பார்க்கலாம். நிழலின் ஓரம் தெளிவாக விழுந்தால் பூக்கும் செடிக்கே போதுமான வெளிச்சம். மங்கிய நிழல் விழுந்தால் இலைச்செடிகளுக்குப் போதும். நிழலே விழாவிட்டால் அந்த மூலையில் எந்தச் செடியும் வளராது, சில மாதம் தாங்கியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு செடிகளை வாரம் மாற்றி வாரம் யன்னலுக்கும் மூலைக்கும் இடம் மாற்றுவது இதற்கு நல்ல வழி.

தண்ணீர் பற்றிய தவறுதான் மிகப் பெரிது. வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்குகளெல்லாம் நீரால் நிறைந்து நாள்கணக்கில் இருந்தால் வேர் மூச்சு முட்டி இறக்கும், இறந்த வேரில் பூஞ்சணம் ஏறும். வேர் போனபின் செடி நீரை உறிஞ்ச முடியாமல் வாடும். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். இப்படித்தான் அன்பாகப் பார்க்கப்பட்ட செடிகள் பல சாகின்றன. ‘நாளுக்கு ஒரு கோப்பை’ என்ற கணக்கெல்லாம் உதவாது. ஒக்டோபர், நவம்பர் அடைமழைக் காலத்தில் பத்து நாளாகியும் காயாத அதே சாடி, பெப்ரவரி வறட்சியில் மூன்றே நாளில் காய்ந்துவிடும். ஆட்காட்டி விரலை இரண்டாவது கணுவரை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அடித்துளையால் வடியும்வரை ஊற்றி, வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும். சில வாரம் பழகினால் சாடியைத் தூக்கிப் பார்த்த கனத்திலேயே தெரிந்துவிடும்.

குளிர்காலத்தில் நீரையும் பசளையையும் நிறுத்து என்ற ஆலோசனையையும் இங்கே அப்படியே எடுக்கக் கூடாது. கண்டியின் பகல்பொழுது ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணிநேரத்தை ஒட்டியே இருக்கிறது, செடிக்கு உறங்கும் பருவம் என்று ஒன்று வருவதில்லை. புதிய இலை விடுகிற காலமெல்லாம் மாதமொரு முறை, பொதியில் சொன்ன அளவில் பாதி வலுவில் கரைத்த பசளை கொடுத்தால் போதும்.

தோட்டத்து மண்ணை அப்படியே சாடியில் நிரப்புவதும் அழுகலுக்கு வழி. மலைநாட்டுச் செம்மண் சாடிக்குள் இறுகிக் களியாகிவிடும். நன்கு கழுவிய தும்புத்தூள், கூட்டெரு, பருமணல், உமிக்கரி ஆகியவற்றைக் கலந்தால் நீரும் தங்கும் காற்றும் புகும். தும்புத்தூளைக் கழுவச் சொல்வது அதில் உப்பு இருக்கக்கூடும் என்பதால். அந்தூரியத்துக்கும் ஓர்கிட்டுக்கும் மண்ணே வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டு, மரக்கரி, உடைத்த செங்கல் போதும். ஈரமான ஊரில் மண்சட்டிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அதன் சுவர் வழியாக நீர் ஆவியாகி மண் சீக்கிரம் காயும். கை அடிக்கடி தண்ணீர் வாளிக்குப் போகும் வீட்டுக்கு மண்சட்டியே பாதுகாப்பு.

எந்தச் செடியிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், மருளிலிருந்து என்பதே சரியான பதில். வாள்போல் நிமிர்ந்த, வரிவரியான இலை கொண்ட இச்செடி கடையில் பாம்புச்செடி என்ற பெயரில் விற்பனையாகிறது. கடைச்செடி மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவு ஒன்று இலங்கையிலேயே காட்டில் வளர்கிறது, தாவரவியற் பெயரிலேயே ‘சைலானிக்கா’ என்று இந்நாட்டைச் சுமந்தபடி. சிங்களத்தில் அதற்கு நியந்த என்று பெயர். கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற பாய்களை நெய்ய முன்னாளில் இதன் நாரைப் பயன்படுத்தியதை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். இன்று ஹண எனும் கற்றாழை இன நாரில் நெய்யப்படும் அந்தப் பாய்க்கலையை 2021இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மருள் இலையில் நீரைச் சேமித்து வைத்திருக்கிறது, இலைத்துளைகளைப் பெரிதும் இரவிலேயே திறக்கிறது. இரண்டு மூன்று வாரம் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் ஒன்றும் ஆகாது. மழைக்காலத்தில் அடிக்கடி ஊற்றினால் மட்டும் அடியோடு குழைந்து சாயும்.

அடுத்தது அந்தூரியம். கண்டிப் பக்கத்தில் வாசலில் நாலு அந்தூரியச் சாடி இல்லாத வீடு குறைவு. 1876இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் எடுவார் ஆந்த்ரே கொலம்பியாவில் கண்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன செடி இது. பூ என்று எல்லோரும் சொல்லும் சிவந்த இதயவடிவத் தட்டு உண்மையில் ஒரு மடல், பூக்கள் நடுவே நிற்கும் தண்டில் மணல்மணலாக ஒட்டியிருப்பவை. ஒவ்வொரு இலைக்கும் அதன் கக்கத்திலிருந்து ஒரு பூ என்பதே இதன் கணக்கு. அதனால் பச்சை இலையை அழகுக்காகக் கிள்ளுபவர் வரப்போகும் பூவையும் சேர்த்தே குறைக்கிறார். விறாந்தையில் வெயில் படாத, வெளிச்சம் நிறைந்த ஓரம் இதற்குச் சரியான இடம். நடு அறையில் இலை மட்டும் இருக்கும், பூ வராது. மணிபிளாண்ட், அக்லோனிமா, பீஸ் லில்லி ஆகியவை இதைவிடக் குறைந்த வெளிச்சத்தில் வாழும். பன்னங்களுக்குக் கண்டியின் காற்று நன்றாக ஒத்துப்போகும், ஆனால் ஏசி ஓடும் அறையில் சில நாளிலேயே நுனி கருகும்.

அந்தூரியம், மணிபிளாண்ட், டிஃபன்பாக்கியா, கலேடியம், மொன்ஸ்டிரா ஆகிய எல்லாம் சேம்பும் கருணைக்கிழங்கும் சேர்ந்த குடும்பம். சேம்பு வெட்டிய கை ஏன் அரிக்கிறது என்று சமையலறையில் நிற்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. இலையிலும் தண்டிலும் ஊசிபோன்ற கல்சியம் ஒக்சலேற்றுப் படிகங்கள் இருக்கின்றன. கருணையைப் புளி விட்டு வேகவைத்து அடக்குகிறோம், வீட்டுச்செடியை யாரும் வேகவைப்பதில்லை. தவழும் குழந்தை டிஃபன்பாக்கியா இலையைக் கடித்தால் நாக்கும் உதடும் வீங்கிப் பேச்சே வராமல் போகலாம், மூச்சுக்கும் இடைஞ்சல் வரலாம். உடனே வாயைக் கழுவி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கைக்குழந்தையோ நாய் பூனையோ உள்ள வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் தொங்கவிடுவதே முறை.

பூச்சிகளில் மாவுப்பூச்சியே முதல் எதிரி. இலையும் தண்டும் சேரும் இடுக்கில் பஞ்சுத் துணுக்குபோல் ஒட்டியிருக்கும். கண்டவுடன் அந்தச் சாடியைப் பிரித்து வைத்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்து, ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரமும் கலந்து வாரம் ஒருமுறை மாலையில் தெளித்தால் அடங்கும். மண்ணில் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறந்தால் தண்ணீர் அதிகம் என்று பொருள். மருந்து தேட வேண்டாம், மேல்மண்ணைக் காயவிட்டால் போதும். உடவத்தகெலேயை ஒட்டிய வீடுகளில் இவற்றையெல்லாம்விடப் பெரிய தொல்லை குரங்கு. பல்கனிச் சாடியைத் தள்ளி உடைப்பதோடு இளங்குருத்தையும் பிய்த்துத் தின்னும். அங்கே கம்பிவலைக்கு உட்புறம்தான் செடிக்கு இடம்.

நுளம்பு விஷயத்தில் செடி வளர்ப்பவருக்குக் கடமை ஒன்று இருக்கிறது. 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது, 400க்கும் அதிகமானோர் இறந்தனர். டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு தேங்கிய சுத்தநீரில் முட்டையிடும், பத்து நாளுக்குள் முட்டை நுளம்பாகிவிடும். சாடியின் அடித்தட்டும், மணிபிளாண்ட் நிற்கும் போத்தலும் அதற்குப் பிடித்த இடங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஈரமில்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்து, திரும்ப நீர் பட்டவுடன் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டையும் போத்தலையும் தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது தட்டில் விளிம்புவரை மணல் நிரப்பிவிட வேண்டும். நீர்தேங்கும் இடத்தை வைத்திருப்பவர்மேல் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் வரலாம்.

செடி அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்கும் கடைகள் பல. மூடிய சிறு கூண்டில் செடியை வைத்துச் செய்த 1989ஆம் ஆண்டின் நாசா ஆய்வே அந்தப் பேச்சின் மூலம். அறை அப்படி மூடிய கூண்டு அல்ல. பின்னர் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், யன்னல் வழியாக இயல்பாக வந்துபோகும் காற்றுக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீற்றருக்குப் பத்துச் செடி முதல் ஆயிரம் செடிவரை தேவைப்படும் என்று 2019இல் கணித்தார்கள். கண்ணுக்கும் மனதுக்கும் தரும் நிறைவுக்காகச் செடி வைத்தால் போதும், காற்றுக்கு யன்னலைத் திறக்கலாம்.

கன்று பெருக்குவது இந்தப் பொழுதுபோக்கில் மிக இனிய பகுதி. மணிபிளாண்ட் தண்டை உற்றுப் பார்த்தால், இலை சேரும் கணுவுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முடிச்சு தெரியும். வேர் அங்கிருந்துதான் வரும். முடிச்சுக்கு ஒரு விரலகலம் கீழே வெட்டி நீரில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். கணுவில்லாத இலையை வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், ஆனால் கொடி ஒருபோதும் வராது. மஞ்சள் ஓரமுள்ள மருளின் இலையைத் துண்டாக்கி நட்டால் முளைக்கும் கன்றுக்கு அந்த மஞ்சள் ஓரம் இருக்காது. ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும்.

அழகென்று காட்டிலிருந்து செடி பிடுங்கி வருவது வேறு விஷயம். நக்கிள்ஸ் மலையிலும் உடவத்தகெலேயிலும் காணும் காட்டு ஓர்கிட்டுகள், பொன்வரி ஓடிய இலையுள்ள வனராஜா போன்றவை, வளர்ந்த மரத்தையும் மண்ணிலுள்ள பூஞ்சணத்தையும் நம்பி வாழ்பவை. வீட்டுச் சாடியில் பெரும்பாலும் மடிந்துவிடும். பாதுகாக்கப்பட்ட இனங்களை எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

வீட்டிலிருந்து காட்டுக்குப் போவதும் அதே அளவு கேடு. பசிபிக்கின் மூரேயா தீவைச் சேர்ந்த மணிபிளாண்ட், ஏறத்தாழ 104 ஹெக்டேயர் கொண்ட உடவத்தகெலேயில் 20 ஹெக்டேயருக்கும் மேல் மூடிவிட்டது. அதன் அடியில் நாட்டு மரங்களின் நாற்று எழ வழியில்லை. இந்தக் கொடி பூப்பதே இல்லை என்னும் அளவுக்கு அரிது. பூக்கத் தூண்டும் ஜிபரலின் என்ற இயக்குநீர் போதிய அளவில் அதில் உருவாவதில்லை என்று 2016இல் கண்டறிந்தார்கள், 1964க்குப் பிறகு தானாகப் பூத்ததாகப் பதிவும் இல்லை. பூவில்லை என்றால் விதையில்லை, பறவை எச்சத்தில் விதை பரவ வாய்ப்பில்லை. காட்டில் இப்போது மரமேறி நிற்கும் அத்தனை கொடியும் என்றோ யாரோ நட்ட அல்லது எறிந்த ஒரு துண்டுத் தண்டின் வழிவந்தவை. கத்தரித்த கொடியை வேலிக்கு அப்பாலோ ஓடையிலோ போடாமல், கணுக்கள் பழுப்பாகி நொறுங்கும்வரை கொங்கிறீட்டுத் தரையில் வெயிலில் காயப்போட்டு, அதன்பிறகு கூட்டெருக் குழியில் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் வெயில் கிடைக்காவிட்டால், கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, முழுதும் அழுகும்வரை வைத்திருந்து கொட்டலாம்.